மெத்தைக் கடைக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் தாங்கள் பெருந்தன்மையோடு அதை அச்சில் போட்டுவிடுவீர்களோ என்ற பயம்தான் காரணம். தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வணிகவியல் பட்டம். அந்தப் பட்டத்தால் வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம், வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கள் வார இதழைச் சத்தமாகப் படிப்பது. அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்களாம். சித்தப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திடம் விடைபெற்றவர். கடைப் பலகை, பேருந்துப் பலகை, அதற்கு மேல் இல்லை. அம்மாவும் சித்தியும் தலையணை உறை தைத்துக்கொண்டே கேட்பார்கள். பிறர் எழுதியதை என்னால் மணிக்கணக்கில் படிக்க முடியும். என் சொந்த வார்த்தை என்று வந்தால்தான் தொண்டையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் வாயால் சொல்ல வேண்டியதைத் தங்களுக்குத் தபாலில் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. தங்கள் இதழில் 'முதலாளிக்கு ஒரு வார்த்தை' என்ற பகுதியைக் 'கண்ணாடிக் கணக்கர்' என்பவர் எழுதுகிறார் அல்லவா? வருகிற வியாழன் இதழில், அவர் எழுதியதற்குப் பதிலாக, இந்தக் கடிதத்துடன் தனித் தாளில் நான் எழுதி வைத்திருக்கும் ஒரு பத்தியை அவர் பெயரிலேயே போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் தச்சர் பலகையோடு வருகிறார். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தும் மெத்தைக் கடையின் நடுவில் சுவர் வைத்து அதை இரண்டாக்கப் போகிறார். அதற்குள் அந்தப் பத்தி அவர்கள் காதில் விழ வேண்டும். அச்சில் வந்ததைத் தவிர எங்கள் அப்பா எதையும் நம்பமாட்டார். அச்சில் வந்துவிட்டால் எதையும் நம்பிவிடுவார். வினையே அதுதான்.

ஆரம்பத்தில் கண்ணாடிக் கணக்கர் நல்லபடியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் கலக்காதீர்கள் என்று ஒரு வாரம் எழுதினார். எங்கள் கல்லூரியிலும் இதையே சொல்லிக்கொடுத்தார்கள், ஆகவே நானும் கொஞ்சம் அழுத்திப் படித்தேன். அன்று சாயங்காலமே அப்பா வீட்டில் இருந்த தலையணைகளையெல்லாம் கடைச் சொத்து என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார். "நாங்க விலை குடுத்து வாங்கிக்கிறோம், தள்ளுபடி உண்டா?" என்று அம்மா கேட்டதற்கு, "வீட்டு ஆளுக்கு ஏது தள்ளுபடி, கணக்குன்னா கணக்கு" என்றார். அந்த வாரம் முழுவதும் மெத்தைக் கடைக்காரர் குடும்பம் பழைய துணியை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கியது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் அவர் எழுதினார்: 'லாபம் குறைகிறதா? வெளியே தேடாதீர்கள், உள்ளே தேடுங்கள். உங்கள் கூட்டாளியின் கண்களைப் பாருங்கள்.' இதை நான் படிக்கும்போது அப்பாவின் கூட்டாளி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து அவர் கண்களைப் பார்த்தார். சித்தப்பா நிமிர்ந்து, "என்னண்ணே?" என்றார். "ஒண்ணுமில்ல. உன் கண்ணு ஏன் செவந்திருக்கு?" "பஞ்சு அடைச்சேன்ல." "நானுந்தான் அடைச்சேன். எனக்குச் செவக்கலையே." சித்தப்பா சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டே, "நீங்க எப்பண்ணே பஞ்சு அடைச்சீங்க?" என்றார். அதோடு அண்ணன் தம்பிக்குள் இருந்த பழைய கலகலப்பு நின்றது.

ஆசிரியர் அவர்களே, கூட்டாளியை எப்படிக் கண்காணிப்பது என்ற ரகசியத்தை அந்தக் கூட்டாளியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கும் குடும்பம் தங்கள் வாசகர்களில் வேறு எதுவும் இருக்குமா என்று தெரியவில்லை. கண்ணாடிக் கணக்கர் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார். மூன்றாம் வாரம், 'உங்கள் கடைக்கு ஒரு ரகசிய வாடிக்கையாளரை அனுப்புங்கள். நீங்கள் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்' என்று எழுதினார். "நல்ல யோசனை" என்றார் அப்பா. "ரொம்ப நல்ல யோசனை" என்றார் சித்தப்பா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து கை கழுவப் போனார்கள்.

அப்பா முதலில் தன் பெரியப்பா மகனை அனுப்பினார். தன் சொந்தம் எல்லாம் தம்பிக்கும் சொந்தம் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வந்தவரைச் சித்தப்பா, "வாங்கண்ணே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு, தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினார். பிறகு அப்பா அம்மா வழியில் ஒருவரைப் பிடித்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், சித்தப்பா அதிகம் பார்த்திராதவர். அவர் ஒரு நார் மெத்தையில் படுத்துப் பார்த்தார். இங்கே எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது மெத்தையில் படுத்துப் பார்த்தால் சித்தப்பா அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தலையணைகளை அடுக்குவார். பிறத்தியார் பார்க்கும்போது படுப்பதற்கு யாருக்கும் கூச்சமாக இருக்கும் என்பார். படுத்தவர் தூங்கிவிட்டால் எழுப்பமாட்டார். தலைக்கு மேலே எரியும் விளக்கை அணைத்துவிடுவார். தூங்கியவர் வாங்காமல் போனதில்லை என்பது அவர் கணக்கு. தபால்காரரும் தூங்கினார். சித்தப்பாவும் விளக்கை அணைத்தார். அவர் நல்ல தூக்கம் தூங்கி எழுந்து வந்து அப்பாவிடம், "உன் தம்பி தங்கமான பையன்ப்பா. கண்ணு கூசுமேன்னு விளக்கைக்கூட அணைச்சாரு" என்று அறிக்கை கொடுத்தார். அன்று இரவு அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "விளக்கை எதுக்கு அணைச்சான்? இருட்டுல அங்க என்ன நடந்துச்சு?"

சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. சித்தியின் தம்பிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்து, ஸ்பிரிங் மெத்தையின் பெருமையெல்லாம் விளக்கிவிட்டு, பேச்சுவாக்கில், "உங்க அக்கா எங்க, காணோம்?" என்றார். "உள்ளதானே தைச்சிட்டு இருக்கு" என்று அவர் கையைக் காட்டிவிட்டார். கடையின் உள்ளறையில் சித்தி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து. கடைக்கு யார் வந்தாலும் அண்ணன் அனுப்பிய ஆளோ, தம்பி அனுப்பிய ஆளோ என்று இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. "இந்த மெத்தை எத்தனை வருஷம் வரும்?" என்று அந்தப் பையன் கேட்டான். அப்பா கண்களைச் சுருக்கிக்கொண்டு, "இதை உங்களைக் கேக்கச் சொன்னது யாரு?" என்றார். அவன் தன் மனைவியைப் பார்த்தான். "என்னை ஏன் பாக்கறீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள். "நீ சொன்னேன்னு நான் சொன்னேனா?" "பார்வையே சொல்லுதே." இருவரும் தெருமுனை வரை அதையே பேசிக்கொண்டு போனார்கள். மெத்தை இங்கேயே இருக்கிறது.

கடைசியில் வந்தவர் ஒரு பெண்கள் விடுதியின் பொறுப்பாளர். கையில் அளவு நாடா, காலில் நல்ல செருப்பு, முகத்தில் பல வருடத் தூக்கக் கலக்கம். விடுதி முழுவதற்கும் மெத்தை மாற்ற வேண்டும் என்றார். எங்கள் கடைக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. அதனாலேயே இரண்டு பேரும் நம்பவில்லை. நாடாவெல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறானே என்று அப்பா பல்லைக் கடித்தார். சித்தப்பாவோ, அண்ணன் அனுப்பிய ஆளிடம் குறை கண்டுபிடிக்க இடம் வைக்கக்கூடாது என்று மெத்தையின் குறைகளைத் தானே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். "இது ரெண்டு மழைக்காலம் தாங்கும்மா. அதுக்கப்புறம் நடுவுல பள்ளம் விழும். திருப்பிப் போட்டா அந்தப் பக்கமும் விழும். ஜிப்பு முதல் மாசமே போயிடும், நாங்கதான் மாத்திக் குடுக்கணும்." அந்த அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நான் கொஞ்சம் படுத்துப் பாக்கலாமா?" என்றார். படுத்தார். தூங்கிவிட்டார்.

தூங்குகிறவரை எழுப்பக்கூடாது. ஆனால் சண்டையும் போட்டாக வேண்டும். ஆகவே அப்பாவும் சித்தப்பாவும் மெத்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள். உள்ளறை வாசலில் தலையணைக் கட்டோடு நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கேருந்துடா பிடிச்ச இவங்கள?"

"நானா? நீங்க அனுப்பின ஆளுதானே."

"நான் அனுப்பற ஆளு இப்படிப்பட்ட செருப்பா போட்டிருக்கும்? எங்க சொந்தத்துல யாரு கால்ல இந்தச் செருப்பு இருக்கு?"

"எனக்கும் அதே சொந்தந்தாண்ணே."

"வேணாம்டா. எனக்கு முடியல. பிரிச்சுக்கலாம்."

"பிரிச்சுக்கலாம்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "சத்தமாவே பேசுங்க. அரைகுறையா கேக்குது, அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது" என்றார். எழுந்து உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "கடை பிரியப்போகுதா? அப்ப நான் யார்கிட்ட வாங்கறது? பிரச்சினைன்னா யாரைப் புடிக்கிறது? முடிவு பண்ணி வைங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை வரேன். ஒரே கடையா இருந்தா பேசலாம்." அவர் போன பிறகாவது இருவரும் சிரித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். "உன்னால போச்சு" என்றார் அப்பா. "உங்களால போச்சு" என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஒரே தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

தச்சர் அளந்து பார்த்தார். கதவு ஒன்றுதான், அதைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சுவர் வந்தால் மின்விசிறி அப்பா பக்கமும் அதன் சுவிட்சு சித்தப்பா பக்கமும் போய்விடுகிறது. "அண்ணனுக்குக் காத்து வேணும்னா உங்களைத்தான் கேக்கணும்" என்று தச்சர் சொன்னபோது சித்தப்பாவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு மலர்ச்சி தெரிந்தது. மீதி இடத்தில் மெத்தைகளை நிமிர்த்தி வைக்கத்தான் முடியும், விரிக்க முடியாது. படுத்துப் பார்க்க இடமில்லாத மெத்தைக் கடை இரண்டு ஒரே நேரத்தில் திறக்கப்போகின்றன.

நான் கேட்பது இதுதான். தங்கள் கண்ணாடிக் கணக்கர் எப்போதாவது ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறாரா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவருடைய படத்தில் முகவாய்க்கட்டையில் கை வைத்திருக்கிறார். சரக்கு ஏற்றி இறக்குகிற யாருக்கும் கையை அங்கே வைக்க நேரம் இருக்காது. தவிர, லாபம் ஏன் குறைந்தது என்று அறிய அவர் சொன்னபடி எல்லோரும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணைக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறவள். தெருவில் நீளமான அட்டைப் பெட்டிகள் வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாய்போலச் சுருட்டிய மெத்தை. கைப்பேசியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களே எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடந்து அதைத் தங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் கல்லா வரை போவேன். "என்னம்மா?" என்பார் அப்பா. "ஒண்ணுமில்லப்பா" என்று திரும்பிவிடுவேன்.

ஆகவே தனித் தாளில் எழுதியிருப்பதைத் தாங்கள் அப்படியே போட வேண்டும். அது தொலைந்துவிடலாம் என்ற சந்தேகத்தால் இங்கேயும் ஒரு முறை எழுதுகிறேன்:

'படுத்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருளை விற்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லாபம் குறைந்தால் முதலில் தெருவைப் பாருங்கள். உங்கள் சரக்கு பெட்டியில் சுருண்டு வீடுகளுக்கு வந்து இறங்குகிறது. விலையில் அதனோடு போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள். பெட்டியில் வருவதை வாங்குமுன் படுத்துப் பார்க்க முடியாது, உங்களிடம் முடியும். அதற்கு அகலமான இடம் வேண்டும், விற்க ஒருவரும் கல்லாவில் ஒருவருமாக இரண்டு பேர் வேண்டும். மொத்தமாக வாங்குகிற விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நீங்களே போய்க் கேளுங்கள். பள்ளம் விழுந்தால் யார் வந்து மாற்றுவார் என்பதுதான் அவர்கள் கவலை. மாதம் ஒரு முறை இருவரும் சேர்ந்து நின்று சரக்கை எண்ணுங்கள். விலை வைப்பது யார், சரக்கு எடுப்பது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேலும் சந்தேகம் வந்தால் ஆள் அனுப்பாதீர்கள், அவரையே கேளுங்கள். சென்ற வாரங்களில் நான் எழுதியதில் சில அவசரத்தில் எழுதியவை.'

கடைசி வரியைக் கண்ணாடிக் கணக்கர் ஆட்சேபித்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம்.

தங்கள் இதழ் மேன்மேலும் விற்று, தங்களுக்கு நல்ல கூட்டாளிகளே அமைந்து, அவர்களுக்கும் தங்கள் மேல் நம்பிக்கை குறையாமல் இருக்க வேண்டுமென்று விரும்பி முடிக்கிறேன். தங்கள் இல்லத்தாருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
மெத்தைக் கடைக்காரர் மகள்

பி.கு.: மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடிதத்தைத் தபாலில் போடக் கூச்சப்பட்டு, தங்கள் பழைய இதழுக்குள்ளேயே வைத்திருந்தேன். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. புது இதழைப் பிரித்தேன். கண்ணாடிக் கணக்கர் இந்த வாரம் ஆடு வளர்ப்பில் லாபத்தை அள்ளலாம் என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஓர் ஆட்டின் படம். எதிரே நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வீட்டில் தங்கள் இதழைப் படிக்கிறவள் நான் ஒருத்திதான். தனித் தாளை எடுத்து ஆட்டின் மேல் வைத்து, வழக்கமான குரலில் படித்து முடித்தேன்.

"படுத்துப் பாத்து வாங்கற பொருள்னா யாரைண்ணே சொல்றான்?" என்றார் சித்தப்பா. "கட்டில்காரங்களைச் சொல்றான். நமக்கும் பொருந்தும்" என்றார் அப்பா. பிறகு, "நம்ம தெருவுக்கு நீளப் பெட்டி எதாவது வந்துச்சாடா?" "பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்கு ஒண்ணு வந்துச்சு. மீன் தொட்டின்னு சொன்னாரு." "மீன் தொட்டியைத் தோள்லயாடா தூக்கிட்டுப் போனான்?" சித்தப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒரே குடையில் பஞ்சர் கடைக்குப் போனார்கள், மீன் பார்க்க.

வெள்ளிக்கிழமை வந்த தச்சரிடம், சுவர் வேண்டாம், நாலு பேர் படுத்துப் பார்க்கிற மாதிரி அகலமாக ஒரு மேடை போடு என்றார்கள். சனிக்கிழமை விடுதிப் பொறுப்பாளர் சொன்னபடி வந்தார். அவரும் லேசில் நம்புகிறவர் இல்லை. முதலில் ஓர் அறைக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறார், பள்ளம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மீதியாம். "கண்ணாடிக் கணக்கர் இந்த வாரந்தான் உருப்படியா எழுதியிருக்கான்" என்று சொல்லி, அப்பா ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லிவிட்டார். அதனால்தான் வேறு வழியில்லாமல் இந்தக் கடிதத்தைச் சந்தாவோடு சேர்த்து அனுப்புகிறேன்.

சித்திக்கு மட்டும் கொஞ்சம் எழுத்து தெரியும் என்பதை நான் மறந்துபோனேன். மறுநாள் தையலுக்கு நடுவில் இதழைப் புரட்டியவர் ஆட்டுப் படத்துப் பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே விரல் போனது. என்னைப் பார்த்தார். இதழை மூடி வைத்துவிட்டு நூல் கோத்துக்கொண்டே, "அடுத்த வாரம், சாப்பிட்ட தட்டை முதலாளிங்களே கழுவணும்னு அவரு எழுதுவாரா?" என்றார். அம்மா தலையைத் தூக்காமலே, "தலையணையைத் திருப்பிக் குடுக்கறதைப் பத்தியும்" என்றார்.

ஆகவே கண்ணாடிக் கணக்கர் இனி எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும். தங்கள் இதழின் பக்க அகலத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். என் தாள் அதற்குள் அடங்க வேண்டும்.